சவர்க்காரப் புட்டியின் பம்பு: ஒரு சுருள்வில்லின் வரலாறு



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை அரசர்களும் போர்களும் விடுதலை நாள்களும்தாம். ஆனால், நாம் நாள்தோறும் கையில் எடுத்துப் பயன்படுத்தும் சிறுசிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு பொருள் ஏன் இப்படி இருக்கிறது, வேறு எப்படியும் இருந்திருக்க முடியுமா என்று கேட்கத் தொடங்கினால், அந்த வரலாறு நம் வீட்டுக் குளியலறையிலேயே கிடைத்துவிடும்.

இக்கட்டுரையில் அப்படிப்பட்ட ஒரு பொருளைப் பற்றி எழுத விரும்புகிறேன். கைகழுவும் திரவச் சவர்க்காரம், தலைமுடிக் கழுவி, கைத்தூய்மி ஆகியவற்றின் புட்டிகளுக்குத் தலையாக இருக்கிறதே, அழுத்தினால் சொட்டு விடும் அந்தப் பம்பு! இது என்ன பெரிய செய்தி என்று எண்ண வேண்டாம். மறுசுழற்சியைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடத்தில் இடம்பெற வேண்டிய முதன்மையான கருத்து ஒன்று அந்தப் பம்புக்குள் ஒளிந்திருக்கிறது.

ஆரஞ்சுத் தொட்டி எழுப்பும் கேள்வி

நம் நாட்டு மறுசுழற்சித் தொட்டிகளின் வண்ணங்களை முதலாம் ஆண்டு மாணவரும் ஒப்புவிப்பார். நீலம் காகிதத்திற்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு நெகிழிக்கும் அலுமினியம், இரும்பு முதலிய உலோகங்களுக்கும். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. நெகிழியும் உலோகமும் ஒரே தொட்டிக்குள் விழுகின்றன.

ஒரு நாள் என் வகுப்பு மாணவி ஒருத்தி, காலியான கைத்தூய்மிப் புட்டியின் பம்பைக் கழற்றிக்கொண்டு வந்து, “டீச்சர், இதற்குள்ளே கம்பி இருக்கிறது. இது நெகிழியா, உலோகமா?” என்று கேட்டாள். தொட்டியின் வண்ணத்தை வைத்துப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை தேவையே இல்லை. இரண்டுமே ஆரஞ்சுதான்! ஆனால், தொட்டி என்பது பயணத்தின் தொடக்கம் மட்டுமே. ஆலைக்குப் போனபின் நெகிழி ஒரு பக்கமும் உலோகம் ஒரு பக்கமும் பிரிந்தாக வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாகப் பூட்டப்பட்ட பொருள் அங்கே என்ன ஆகும்? அம்மாணவியின் கேள்வி தொட்டியைவிடப் பெரியது.

அதற்கு விடை காண, அந்தக் கம்பி எப்படி அங்கே வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

பீச்சாங்குழலும் சிவிறியும்

பம்பின் தத்துவம் மிகப் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த திசிபியசு என்ற கிரேக்க அறிஞர், உருளைக்குள் ஏறி இறங்கும் உந்துதண்டையும் ஒரு வழிக் கதவுகளையும் கொண்டு நீரை மேலே தள்ளும் கருவியை அமைத்தார் என்று உரோமானிய நூலாசிரியர் வித்துருவியசு குறித்துள்ளார்.

தமிழருக்கும் இக்கருத்து புதிதன்று. வையை ஆற்றில் புதுப்புனல் வந்தபோது மக்கள் ஒருவர்மேல் ஒருவர் நீரைப் பீய்ச்சி விளையாடிய ‘சிவிறி’ என்னும் கருவியைப் பரிபாடல் நமக்குக் காட்டுகிறது. நம் சிறுவர்கள் மூங்கிலில் செய்து விளையாடிய பீச்சாங்குழல் அதன் வழித்தோன்றலே. தண்டை இழுத்தால் நீர் உள்ளே வரும். தள்ளினால் வெளியே பாயும்.

பீச்சாங்குழலுக்கும் இன்றைய பம்புக்கும் இரண்டு வேறுபாடுகள் உள்ளன. ஒன்று, இன்றைய பம்பில் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தனித்தனி. இரண்டாவது, அழுத்திய தலை தானாகவே மேலே எழும்ப வேண்டும். இந்த இரண்டாவது தேவைதான் சுருள்வில்லை, அதாவது ஸ்பிரிங்கை, உள்ளே கொண்டு வந்தது.

அளந்து ஊற்றிய காலம்

பம்பு வருவதற்கு முன் நம் முன்னோர் எண்ணெயையும் மற்றத் திரவங்களையும் எப்படி வாங்கினார்கள்? பினாங்கில் மூத்தோரைக் கேட்டால் சொல்வார்கள். வாங்குபவர் தம் புட்டியைத் தாமே கொண்டு போவார். கடைக்காரர் பெரிய தகரத்திலிருந்து கரண்டியால் மொண்டு, புனல் வைத்து ஊற்றிக் கொடுப்பார். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் இப்படித்தான். மண்ணெண்ணெய் வந்த நான்கு கேலன் தகரமும் வீணாகாது. தண்ணீர் சுமக்கவும், அரிசி போட்டு வைக்கவும், வெட்டி விரித்துக் கூரைக்கும் சுவருக்கும் அடைப்பாக வைக்கவும் பயன்பட்டது. குளிர்பானக் கண்ணாடிப் புட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் கைக்கு வரும்.

அக்காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கலப்படமும் அளவுக் குறைவும் அப்போதும் இருந்தன. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொள்கலன் ஒரே பொருளால் ஆனது. தகரம் தகரமாகவும் கண்ணாடி கண்ணாடியாகவும் இருந்தது. ஆகவே, அதன் அடுத்த பிறவி என்னவென்று யாரும் எளிதில் முடிவு செய்ய முடிந்தது.

தீர்வாக வந்த பம்பு

திரவத்தைத் துளித்துளியாகத் தெளிக்கும் கருவிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவலாயின. அமெரிக்காவின் தொலிடோ நகரில் மருத்துவராக இருந்த ஆலன் டிவில்பிசு, 1880களில் நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் தெளிப்பதற்காக ஒரு கருவியை அமைத்தார். பின்னர் அது நறுமணத் திரவத்தைத் தெளிக்கப் பயன்பட்டது.

1920களில் நார்வே நாட்டின் எரிக் ரோத்தைம், அழுத்தமூட்டிய வாயுவைக் கொண்டு திரவத்தைத் தெளிக்கும் ஏரோசோல் கலனுக்கு வழிவகுத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏரோசோல் கலன் வீட்டுக்கு வீடு வந்தது. அதில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயு, வானில் நம்மைப் புற ஊதாக்கதிர்களிலிருந்து காக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974ஆம் ஆண்டு மரியோ மொலினாவும் செர்வுட் ரோலண்டும் எச்சரித்தனர். 1978இல் அமெரிக்கா அவ்வாயுவைப் பெரும்பாலான ஏரோசோல் பொருள்களில் தடை செய்தது. 1987இல் மோண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது.

வாயுவே தேவைப்படாமல் விரலின் விசையால் மட்டும் இயங்கும் கைப்பம்பு அப்போது ஒரு நல்ல மாற்றாக விளங்கியது. ஆம்! இன்று சுற்றுச்சூழல் சிக்கலாகப் பேசப்படும் பம்பு, அன்று சுற்றுச்சூழலுக்கு ஒரு தீர்வாக வந்தது. ஒரு கேட்டைத் தீர்க்க வந்த பொருள் இன்னொரு கேட்டின் விதையாகவும் அமையலாம் என்பதற்கு இது தக்க சான்று.

10 கோடி பம்புகள்

திரவச் சவர்க்காரம் 1980க்கு முன்பே இருந்தது. அமெரிக்காவில் வில்லியம் செப்பர்டு என்பவர் 1865ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், வீடுகளில் சவர்க்காரக் கட்டியே ஆட்சி செய்தது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராபர்ட் டெய்லர் என்பவர் நடத்திய மினடோங்கா என்ற சிறு நிறுவனம், பம்பு பொருத்திய ‘சாஃப்ட்சோப்’ என்னும் திரவச் சவர்க்காரத்தை 1980இல் நாடு முழுவதும் விற்பனைக்குக் கொண்டு வந்தது. டெய்லருக்கு ஓர் அச்சம் இருந்தது. பெரிய நிறுவனங்கள் உடனே இதே பொருளைச் செய்து தம்மை நசுக்கிவிடும் என்பதே அது. சவர்க்காரத்திற்கோ காப்புரிமை இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? அன்று அத்தகைய பம்புகளைச் செய்யக்கூடிய நிறுவனங்கள் இரண்டே இருந்தன. இரண்டிடமும் சேர்த்து 10 கோடி பம்புகளுக்கு முன்கூட்டியே ஆணை கொடுத்துவிட்டார். அதன் மதிப்பு 1 கோடியே 20 லட்சம் டாலர். ஒரு பம்புக்கு 12 காசு. மற்ற நிறுவனங்களிடம் சவர்க்காரம் இருந்தது, புட்டி இருந்தது, பம்பு மட்டும் கிடைக்கவில்லை! 1987இல் கோல்கேட்-பால்மோலிவ் நிறுவனம் சாஃப்ட்சோப்பை வாங்கிக்கொண்டது.

வணிகப் பாடங்களில் இந்நிகழ்ச்சியைத் திறமைக்குச் சான்றாகக் கூறுவார்கள். ஆசிரியர் என்ற முறையில் நான் இதில் வேறொன்றைக் காண்கிறேன். 10 கோடி பம்புகளுக்கு ஆணை கொடுத்தபோது, பயன்படுத்தி முடித்த 10 கோடி பம்புகள் எங்கே போகும் என்ற கேள்வி அந்தக் கணக்கில் ஒரு வரியாகக்கூட இல்லை. அக்காலத்தில் அது யாருடைய கணக்கிலும் இல்லை. நெகிழிப் புட்டியின் அடியில் நாம் காணும் 1 முதல் 7 வரையிலான முக்கோணக் குறியீடுகளே 1988இல்தான் அறிமுகமாயின.

அதே காலத்தில் கடலூரில்

இக்கேள்வி கேட்கப்படாமல் போனது மேலைநாட்டில் மட்டும் நடந்ததன்று. நம் தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ அதே காலத்தில் வேறொரு விடை பிறந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், புட்டி வாங்க முடியாத எளிய மக்களும் வாங்கும் வண்ணம் திரவத்தைச் சிறு சாஷேப் பொட்டலங்களில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடியாகப் போற்றப்படுகிறார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன், 1983ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் முதலீட்டில் நிறுவனம் தொடங்கி, தந்தையின் பெயரை நினைவூட்டும் ‘சிக்’ ஷாம்புவைச் சிற்றூர்கள்தோறும் கொண்டு சேர்த்தார்.

ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே பொருள் கிடைக்கச் செய்த அம்முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால், அந்தப் பொட்டலமும் பல படலங்களை ஒட்டிச் செய்யப்பட்டது, பிரிக்க முடியாதது. மினசோட்டாவின் பம்பும் கடலூரின் பொட்டலமும் ஒரே தேவைக்கு எழுந்த இரு விடைகள்: ‘ஒரு வேளைக்கு வேண்டிய அளவு திரவம் எப்படிக் கையில் வந்து சேரும்?’ இரண்டும் அந்தத் தேவையை அழகாக நிறைவேற்றின. வந்து சேர்ந்தபின் எஞ்சியிருப்பது என்னாகும் என்பதை மட்டும் இரண்டும் கேட்கவில்லை.

பம்பின் வயிற்றுக்குள்

இப்போது ஒரு பம்பைப் பிரித்துப் பார்ப்போம். அழுத்தும் தலை, திருகுமூடி, தண்டு, உந்துதண்டு, உருளை, உறிஞ்சுகுழாய், கசிவைத் தடுக்கும் வளையம், சுருள்வில், ஒரு சிறு கோலிக்குண்டு என ஏறத்தாழ பத்து உறுப்புகள் கிடைக்கும்.

தலையை அழுத்தினால் உருளைக்குள் இருக்கும் திரவம் மேலே தள்ளப்பட்டு வாய் வழியாக வரும். அப்போது அடியிலுள்ள குண்டு துளையை அடைத்துக்கொண்டு திரவம் புட்டிக்குள் திரும்பாமல் காக்கும். விரலை எடுத்தவுடன் சுருள்வில் தலையை மேலே தூக்கும். உருளைக்குள் அழுத்தம் குறையும். குண்டு எழும்பி வழிவிட, புதிய திரவம் உறிஞ்சுகுழாய் வழியாக ஏறும். எவ்வளவு எளிமை!

இவ்வுறுப்புகள் எவற்றால் ஆனவை? தலை, மூடி, உருளை ஆகியவை பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். உறிஞ்சுகுழாய் பாலிபுரோப்பிலீன் அல்லது பாலித்தீன். சில பம்புகளில் வழுக்கி இயங்கும் உறுப்புகள் அசிட்டால் என்ற வேறு வகை நெகிழியால் ஆனவை. குண்டு கண்ணாடி அல்லது எஃகு. சுருள்வில் துருப்பிடிக்காத எஃகு. கட்டைவிரல் அளவுள்ள ஒரு பொருளில் மூன்று நான்கு வகைப் பொருள்கள்!

எஃகை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? காரணம் நியாயமானது. எஃகுச் சுருளை அழுத்தி மாதக்கணக்கில் வைத்தாலும், விட்டவுடன் பழைய நீளத்திற்கே திரும்பும். நெகிழி அப்படியன்று. கனமான தர்ப்பூசணியை நெகிழிப் பையில் தூக்கி வந்தால் அதன் கைப்பிடி நீண்டுவிடுகிறது. பழத்தை எடுத்தபின்னும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. தொடர்ந்து விசைக்கு உட்பட்டால் நெகிழி மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். இந்தத் தளர்ச்சிதான் நெகிழியால் சுருள்வில் செய்ய முயன்றவர்களுக்கு நெடுங்காலம் தடையாக நின்றது.

ஆலையில் நடப்பது என்ன?

மறுசுழற்சி ஆலையில் நெகிழிப் புட்டிகளைத் துண்டு துண்டாக நறுக்கி நீரில் இடுவார்கள். நீரின் அடர்த்தி 1 என்றால் பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி ஏறத்தாழ 0.9, பாலித்தீன் 0.92 முதல் 0.97 வரை. இவை மிதக்கும். குடிநீர்ப் புட்டிகள் செய்யப்படும் பெட் என்னும் நெகிழியின் அடர்த்தி ஏறத்தாழ 1.38, அது மூழ்கும். இவ்வாறு மிதப்பதும் மூழ்குவதும் எளிதாகப் பிரிந்துவிடுகின்றன.

பம்போடு வந்த புட்டியை நறுக்கினால் என்ன ஆகும்? அசிட்டாலின் அடர்த்தி 1.41, கண்ணாடிக் குண்டு 2.5, எஃகு ஏறத்தாழ 8. எல்லாம் மூழ்கி, பெட் துண்டுகளோடு அடியில் கலக்கின்றன. காந்தம் வைத்து எஃகைப் பிடிக்கலாமே என்று தோன்றும். துருப்பிடிக்காத எஃகில் பல வகைகள் காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படுவதில்லை. உலோகத் துணுக்குகள் நறுக்கும் கத்திகளையும் உருக்கும் இயந்திரத்தையும் பழுதாக்கும். ஆகவே, பல ஆலைகள் பம்பை முதலிலேயே கழித்துவிடுகின்றன. கையால் பிரித்தெடுக்கலாம், ஆனால், சில காசு கூடப் பெறாத பொருளுக்காக யார் அவ்வளவு நேரம் செலவிடுவார்?

இதோ, மாணவியின் கேள்விக்கு விடை. அந்தப் பம்பு நெகிழியும் ஆகும், உலோகமும் ஆகும். அதனாலேயே இரண்டாகவும் மீண்டும் பயன்படாமல் போகிறது.

பினாங்கு கற்ற பாடங்கள்

கழிவைப் பற்றிச் சிந்திப்பதில் நம் பினாங்கு மாநிலம் பின்தங்கியதன்று. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், 2019இல் மறையும் வரை அதன் தலைவராக நெடுங்காலம் தொண்டாற்றிய எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களும், வீண் நுகர்வைக் குறைக்க வேண்டும் என்று தமிழ் உட்படப் பல மொழிகளில் மக்களுக்கு எடுத்துரைத்தனர். 2009 ஜூலை முதல் திங்கட்கிழமைகளில் இலவச நெகிழிப்பை இல்லை என்ற திட்டம் இங்கே தொடங்கியது. 2011 ஜனவரி 1 முதல் அது எல்லா நாள்களுக்கும் விரிந்தது. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் திட்டம் 2016 ஜூனில் தொடங்கி, 2017 ஜூனில் அமலாக்கம் கண்டது.

அதன்பின் இரு நிகழ்ச்சிகள் நம் கண்களைத் திறந்தன. முதலாவது, 2018இல் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதிக்குக் கதவடைத்ததும், அக்கழிவில் ஒரு பகுதி மலேசியாவை நோக்கித் திரும்பியது. அண்டை மாநிலமான கெடாவின் சுங்கைப்பட்டாணியிலும் சிலாங்கூரின் ஜெஞ்சாரோமிலும் நெகிழி எரியும் புகையைப் பற்றி மக்கள் முறையிட்டனர். 2020 ஜனவரியில், 13 நாடுகளைச் சேர்ந்த 3,737 டன் கழிவு 150 கொள்கலன்களில் திருப்பி அனுப்பப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது. மறுசுழற்சிக்கு என்று பெயரிட்டு அனுப்பப்படுவன எல்லாம் மறுசுழற்சி ஆவதில்லை என்பதை நம் கண்முன்னே கண்டோம்.

இரண்டாவது, 2022 ஜனவரியில் செபராங் பிறையின் தென்பகுதியிலுள்ள பூலாவ் பூரோங் குப்பைமேட்டில் தீப்பற்றியது. பல நாள்கள் எரிந்த அத்தீயின் புகை சுற்றுவட்டாரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. தீவில் நாம் தூக்கி எறிவதும் கடலைக் கடந்து பெருநிலத்திற்குத்தான் போகிறது. ‘தூக்கி எறிதல்’ என்கிறோமே, எறிந்த பொருள் போய் விழும் இடத்திலும் ஒரு பிள்ளை மூச்சு விடுகிறது என்பதை மறக்கலாகாது.

உலக அளவில் நிலைமை என்ன? 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2015 வரை உலகில் உருவான நெகிழிக் கழிவில் ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி செய்யப்பட்டது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. 79 விழுக்காடு குப்பைமேடுகளிலும் இயற்கைச் சூழலிலும் கிடக்கிறது.

இந்த நிலையில்தான் 2020இல் கோவிட்-19 பெருந்தொற்று வந்தது. அவ்வாண்டு ஜூலையில் தொடக்கப்பள்ளிகள் மீண்டும் திறந்தபோது வகுப்பறைதோறும் கைத்தூய்மிப் புட்டி வைக்கப்பட்டது. உலகெங்கும் ஒரே நேரத்தில் தேவை பெருகியதால் பம்புகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1980இல் ஒரு மனிதர் செய்த தட்டுப்பாட்டை 40 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நோய்க்கிருமி செய்தது! உயிர் காத்த பொருள் அது. வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அதை எப்படிச் செய்வது என்ற கேள்வி இன்னும் முதன்மை பெறுகிறது.

சுருள்வில் இல்லாத பம்பு

நல்ல செய்தி என்னவென்றால், அக்கேள்வியை வடிவமைப்பாளர்கள் இப்போது கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முழுவதும் நெகிழியால், அதுவும் இயன்றவரை ஒரே வகை நெகிழியால், பம்பு செய்ய வேண்டும் என்பதே இலக்கு. பம்பு தயாரிப்பில் பெரிய நிறுவனமான ஆப்டார், 2021இல் ‘ஃபியூச்சர்’ என்ற பெயரில் பாலித்தீன் என்ற ஒரே வகைப் பொருளாலான பம்பை அறிமுகப்படுத்தியது. வேறு நிறுவனங்களும் இவ்வழியில் தத்தம் வடிவங்களைக் கொண்டு வந்துள்ளன.

எஃகு செய்த வேலையை நெகிழி எப்படிச் செய்கிறது? மூன்று உத்திகளைக் குறிப்பிடலாம்.

முதலாவது, வடிவத்தை மாற்றுவது. நெகிழியைக் கம்பியாகச் சுருட்டாமல், கொல்லன் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக அமைக்கிறார்கள். அல்லது, பக்கங்களில் கீறல் விட்ட ஒரு குழலைக் கூம்பின்மேல் தள்ளி, அது விரிந்து மீண்டும் சுருங்கும்படி செய்கிறார்கள்.

இரண்டாவது, தளர்ச்சிக்கு இடம் கொடாதிருப்பது. பம்பை அழுத்திய நிலையில் பூட்டிக் கடைக்கு அனுப்பினால், நெகிழி வில் மாதக்கணக்கில் விசையைத் தாங்கித் தளர்ந்துவிடும். ஆகவே, தலை மேலே எழும்பிய நிலையிலேயே பூட்டிவிடுகிறார்கள். வில் ஓய்வில் இருக்கிறது. நாம் அழுத்தும் அந்த ஒரு நொடி மட்டுமே உழைக்கிறது. நெகிழியின் குறையை மாற்ற முடியவில்லை. அக்குறை வெளிப்படும் சூழலை மாற்றினார்கள். எவ்வளவு நேர்த்தியான சிந்தனை!

மூன்றாவது, கண்ணாடிக் குண்டுக்கு மாற்றாக நெகிழிக் குண்டையோ மெல்லிய மடலையோ வைப்பது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. உலோகம் இல்லை என்றாலே மறுசுழற்சிக்கு உகந்தது என்று பொருளாகாது. நன்றாக எழும்பும் தன்மை கொண்ட அசிட்டாலால் வில் செய்தால் வேலை எளிது. ஆனால், அது பாலிபுரோப்பிலீனோடும் பாலித்தீனோடும் சேர்ந்து உருகாது. ‘முழுவதும் நெகிழி’ என்பது ஒரு படி. ‘ஒரே குடும்ப நெகிழி’ என்பது அடுத்த படி.

சட்டமும் இத்திசையில் நகர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த பொதிகலன் ஒழுங்குமுறை, 2030க்குள் பொதிகலன்கள் யாவும் மறுசுழற்சிக்கு ஏற்ப வடிவமைக்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. ‘வடிவமைக்கப்பட வேண்டும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பொறுப்பு தொட்டியின் அருகே நிற்கும் பிள்ளையிடமிருந்து, வரைபலகையின் முன் அமர்ந்திருக்கும் பொறியியலாளரிடம் செல்கிறது.

முழுநெகிழிப் பம்பு வந்துவிட்டால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சேகரிக்க ஆள் வேண்டும். வாங்க ஆலை வேண்டும். குப்பைமேட்டிற்குப் போய்ச் சேர்ந்தால் ஒரே வகை நெகிழியும் குப்பைதான். ஆயினும், பிரிக்க முடியாத பொருளுக்கு வழியே இல்லை. பிரிக்கத் தேவையில்லாத பொருளுக்கு ஒரு வழியேனும் திறந்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களும் பெற்றோர்களும் உடனே செய்யக்கூடியவை சில உள்ளன.

1. பம்பைத் தூக்கி எறியாதீர்கள். 500 மில்லிலிட்டர் புட்டி ஒன்றை, ஓர் அழுத்தத்திற்கு 2 மில்லிலிட்டர் என்று கொண்டால், 250 அழுத்தங்களில் காலி செய்துவிடுவோம். எஃகுச் சுருள்வில்லோ ஆயிரக்கணக்கான முறை உழைக்கவல்லது. கழுவி, மறுநிரப்பு வாங்கி ஊற்றிப் பயன்படுத்துங்கள். மறுநிரப்புப் பொட்டலம் பல படலங்களால் ஆனதாக இருக்கலாம். ஆகவே, இயன்றால் பெரிய கொள்கலனில் வாங்கிப் பல புட்டிகளை நிரப்புங்கள். பள்ளிக்கு இது மிகவும் ஏற்றது.

2. புட்டியை மறுசுழற்சிக்குக் கொடுக்கும் முன் பம்பைக் கழற்றிவிடுங்கள். புட்டியாவது பிழைக்கும்.

3. அறிவியல், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஆகிய பாடங்களில் ஒரு பழைய பம்பைப் பிரித்துக் காட்டுங்கள். முதலில் நன்கு கழுவிவிடுங்கள். சிறு குண்டும் சுருள்வில்லும் தெறிக்கக்கூடும், ஆகவே பிரிக்கும் வேலையை ஆசிரியரே செய்வது நலம். உறுப்புகளை ஒரு பாத்திர நீரில் இட்டு எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று மாணவர்கள் பட்டியலிடட்டும். சுருள்வில்லைக் காந்தத்தால் சோதிக்கட்டும். சில ஒட்டும், சில ஒட்டா. ஏன் என்ற விவாதம் தானே எழும்.

4. பிறகு ஒரே ஒரு பணி கொடுங்கள்: ‘கம்பி இல்லாமல் எழும்பும் பம்பு ஒன்றை வரைந்து காட்டு.’ உறிஞ்சுகுழலின் மடிப்பு, பலூன், இரப்பர் வளையம் என்று பிள்ளைகள் சொல்லும் விடைகள் உங்களை வியக்க வைக்கும்.

நிறைவாக

பம்பின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் அதில் தீய எண்ணம் கொண்டவர் எவரும் இல்லை. மருத்துவர் நோயாளிக்காகச் சிந்தித்தார். அறிவியலாளர் ஓசோனுக்காகக் குரல் கொடுத்தார். வணிகர் தம் நிறுவனத்தைக் காத்தார். கடலூர்க்காரர் ஏழைக்காக எண்ணினார். ஒவ்வொருவரும் தம் முன் இருந்த கேள்விக்குச் சரியான விடை கண்டனர். ‘முடிந்தபின் இது என்னாகும்?’ என்ற கேள்வி மட்டும் அவர்கள் தாளில் அச்சாகவில்லை. அது அச்சாகி வர ஏறத்தாழ 40 ஆண்டுகள் பிடித்தன.

நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் சிலர் நாளை பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்பேட்டைகளில் பொறியியலாளர்களாக அமர்வார்கள். எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்பதை மட்டும் கற்றுச் சென்றால், அவர்களும் பிறர் செய்த பொருளை நல்ல முறையில் எறிபவர்களாகவே இருப்பார்கள். பொருளைப் பிரித்துப் பார்த்து, அதன் இறுதி என்ன என்று கேட்கக் கற்றுச் சென்றால், எறிய வேண்டிய தேவையே இல்லாத பொருளை அவர்கள் செய்வார்கள். தொட்டியின் வண்ணத்தையும் கற்பிப்போம். அந்தக் கேள்வியையும் சேர்த்தே கற்பிப்போம்.

இது பற்றிய தங்கள் கருத்துகளையும் வகுப்பறை அனுபவங்களையும் எழுதுங்கள். பிற ஆசிரியர்களுக்கும் பயன்படும்.